கிண்ணத்துக்கு முன் தலைக்கவசம்

(மட்டக்களப்பில், கடினப்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டிப் பரிசளிப்பில் பேசியது)

தலைமை வகிக்கும் அதிபர் ஐயா அவர்களே, பிரதம அதிதியாக வந்திருக்கும் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, அருட்தந்தை அவர்களே, ஆலய பரிபாலன சபையாரே, வெயிலில் நின்று நடுவர் வேலை பார்த்த அண்ணன்மாரே, விளையாடிக் களைத்திருக்கும் தம்பிமாரே, யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் வணக்கம்.

தலைக்கவசம் கட்டாயமா என்பதை மூன்று விதமாகப் பார்க்கலாம்: விதி என்ன சொல்கிறது, நம் மைதானங்களில் என்ன நடக்கிறது, பெரியோர் என்ன செய்யலாம்.

விதி சுருக்கமானது. சர்வதேசப் போட்டிகளில் 2023 ஜூன் முதல் வேகப்பந்தை எதிர்கொள்ளும் துடுப்பாட்ட வீரர், விக்கெட்டை ஒட்டி நிற்கும் காப்பாளர், துடுப்பாட்ட வீரருக்கு முன்னால் நெருங்கி நிற்கும் களத்தடுப்பாளர் எல்லோரும் கவசம் அணிந்தே ஆகவேண்டும். 1975இல் ஓவல் மைதானத்தில் அவுஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் ஜெஃப் தொம்சனின் பந்து தலையில் பட்டு நம் இலங்கை வீரர் துலீப் மெண்டிஸ் வைத்தியசாலைக்குப் போனார். 'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு' என்பார்கள். அன்று அந்தத் தலைப்பாகையே இல்லை.

"அவுஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸ் கவசம் போட்டும் இறந்தாரே?" என்று கேட்கிறார்கள். 2014இல் சிட்னியில் அவருக்குப் பந்து பட்டது கவசம் மூடாத கழுத்தில். அப்புறம்தான் கழுத்துக் காப்பு பரவலாக வந்தது. கவசத்தை இன்னும் கீழே இறக்கினார்களே தவிர, யாரும் கழற்றி எறியவில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் நான் பார்த்த ஒரு போட்டி. ஓர் அணிக்கு ஒரே கவசம். ஒரு ஓட்டம் எடுத்தால், இரண்டு பேரும் நடு ஆடுகளத்தில் நின்று அதைக் கைமாற்றுவார்கள். பந்துவீச்சாளர் இடுப்பில் கைவைத்துக் காத்திருப்பார், சனம் கைதட்டும். சின்னவனுக்கு அது பெரிது; உள்ளே துவாயை மடித்து வைத்திருந்தான். எழும்பி வந்த பந்து ஒன்று கவசத்தின் கம்பியில் மோதியது. கம்பி வளைந்தது, பையன் சிரித்துக்கொண்டே எழுந்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு! அடுத்த பந்தில் ஒரு ஓட்டம். மாற்றிக்கொள்ள வந்தவனிடம் பெரியவன், "நீயே போட்டிரு தம்பி, உனக்குத்தான் பயம்" என்றான். அதற்கடுத்த பந்து பெரியவனின் புருவத்தில். அவனைத் தூக்கி முச்சக்கரவண்டியில் ஏற்றும்போது அவன் அம்மா, "மனே, மனே" என்று ஓடி வந்ததை எப்படி மறப்பேன்?

ஆகவே மேடையிலிருக்கும் பெரியோரே, கட்டாயம் என்று எழுதினால் மட்டும் போதாது, கவசம் கையில் இருக்க வேண்டும். ஒரு போட்டிக்கு ஒரே நேரத்தில் நான்கு கவசம் போதும்: துடுப்பாடும் இருவருக்கு, காப்பாளருக்கு, கிட்ட நிற்பவருக்கு. சிறிதும் பெரிதுமாக வாங்கி, மைதானத்துக்கு ஒரு பொதுப் பெட்டி வையுங்கள். வெடிப்பு விட்டதை உடனே ஒதுக்குங்கள். பழைய மாணவர் சங்கங்களைக் கேளுங்கள், வெளிநாட்டிலுள்ள நம் பிள்ளைகளைக் கேளுங்கள். இந்த ஆளுயரக் கிண்ணத்தைக் கொஞ்சம் சிறிதாக வாங்கினாலும் காசு மிஞ்சும். எனக்குப் போர்த்திய பொன்னாடையும் வேண்டாம், அந்தக் காசைப் பெட்டிக்குப் போடுங்கள்.

அடுத்த சுற்றுப்போட்டி விண்ணப்பப் படிவம் அச்சுக்குப் போகுமுன், 'கவசமின்றி ஆட அனுமதியில்லை' என்ற வரியைச் செயலாளர் தம்பி சேர்க்க வேண்டும். முதல் கவசத்துக்கான காசை இந்த மேசையில் வைத்துவிட்டு இறங்குகிறேன். நன்றி, வணக்கம்.