முதலில் சாம்பல், பிறகு சிவப்பு

ஆங்கில ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

வருணனை எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் 'பியூட்டிஃபுல்', 'வொண்டர்ஃபுல்', 'கலர்ஃபுல்' என்று பெயரடைகளைக் குவிக்கிறார்கள். படிப்பவர் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. இதற்கு நான் நம்பிப் பரிந்துரைக்கும் மருந்து, ஆல்பெர் லாமொரிஸ் 1956-இல் எடுத்த 'சிவப்பு பலூன்' என்ற பிரெஞ்சுப் படம். 34 நிமிடம்தான். வசனம் மிகக் குறைவு என்பதால் காதுக்குச் சுமை இல்லை. கவனம் முழுக்கக் கண்ணில் நிற்கும். பாரிசின் மெனில்மொந்தான் பகுதி, சாம்பல் பூத்த சுவர்கள், சாம்பல் உடையில் ஒரு சிறுவன், நடுவே பளிச்சென்று ஒரு சிவப்பு.

பலரும் அந்தச் சிவப்பில்தான் பாடத்தைத் தொடங்குவார்கள். வேண்டாம், சாம்பலில் தொடங்குங்கள். சுவரும் வானமும் தெருவும் எழுதப்படாவிட்டால் பலூனின் சிவப்பு தாளில் எடுபடாது.

சிறுவன் விளக்குக் கம்பத்தில் ஏறிப் பலூனை அவிழ்க்கும் காட்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை பேனாவைத் தொடாமல் பார்க்கட்டும். இரண்டாம் முறை ஓரிடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, தாளில் மூன்று நெடுவரிசையாகக் கோடு போடச் சொல்லுங்கள்: என்ன நிறம், எதன்மேல், அது என்ன செய்கிறது. மூன்றாவது நெடுவரிசையை விடவே கூடாது. வினைச்சொல் பிறப்பது அங்கேதான். 'இஸ் ரெட்' என்று முடங்கிக் கிடந்த பலூன் 'பாப்ஸ்' (bobs), 'ஹவர்ஸ்' (hovers), 'க்ளோஸ்' (glows) என்று உயிர்பெறும். சாம்பலுக்கு 'ஸ்லேட்', 'ஆஷ்', 'ஸ்மோக்கி', சிவப்புக்கு 'ஸ்கார்லெட்', 'க்ரிம்ஸன்' போதும். அதற்குமேல் கொடுத்தால் மனப்பாடப் பட்டியலாகிவிடும். பிறகு ஐந்து வாக்கியம்: மூன்று தெருவுக்கு, இரண்டு பலூனுக்கு. ஒரு வாக்கியத்தில் ஒரு நிறச்சொல்லுக்கு மேல் கூடாது.

தவறுகள் எங்கே வரும்? படத்தை நிறுத்தாமல் ஓடவிட்டால் 'தென்... தென்...' என்று கதை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். 'ரெட் கலர் பலூன்' நம் பேச்சுவழக்கிலிருந்து வருவது. அதில் 'கலர்' தேவையில்லை. 'ரெட் பிக் பலூன்' என்றால் வரிசை பிறழ்கிறது. அளவு, வடிவம், நிறம் என்று 'பிக் ரவுண்ட் ரெட் பலூன்' ஆக வேண்டும். 'ரெட் மீன்ஸ் டேஞ்சர்' என்று எழுதினால், படத்தில் அது எங்கே என்று கேளுங்கள். இங்கே ஆபத்து பலூனைத் துரத்தும் பையன்களிடமிருந்து வருகிறது, சிவப்பிலிருந்து அல்ல.

ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்தால் சாம்பலின் வேறுபாடுகள் அழிந்துவிடும். முன்னதாகவே மறைத்துச் சோதித்துப் பாருங்கள். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத பிள்ளைகளும் வகுப்பில் இருக்கலாம். அவர்கள் 'பேல்', 'டார்க்', 'ப்ரைட்' என்று ஒளியின் அளவைக் கொண்டு எழுதட்டும். அதுவும் முழுமையான வருணனைதான்.

திருத்துவதற்கு ஒரு வழி. அந்தக் காட்சியைப் பார்க்காத இன்னொரு வகுப்பு மாணவரிடம் அந்த ஐந்து வாக்கியங்களைக் கொடுத்து, வண்ணப் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். அவர் கை எந்த வாக்கியத்தில் நிற்கிறதோ, அந்த வாக்கியத்தை மட்டும் எழுதியவர் மறுபடி எழுதட்டும்.