தாழப் பறப்பது வீரமா, அசட்டுத் துணிச்சலா?

அடுத்த கேள்விக்குப் போவோம். தரைப்படைக்குத் துணையாகப் போகும் போர் விமானங்களைப் பற்றிப் பேசியிருந்தோம் இல்லையா, அதைப் பார்த்துவிட்டு ஒரு நேயர் கேட்கிறார்: "அவ்வளவு உயரத்திலிருந்தே குண்டு போட முடியும் என்கிறபோது, துப்பாக்கிக்கு எட்டும் தூரத்தில் பறந்து அடி வாங்குவது வீரமா, அசட்டுத் துணிச்சலா? அதற்குப் பதக்கம் வேறு கொடுக்கிறார்களே?"

நல்ல கேள்வி. பதக்கத்துக்கு அப்புறம் வருகிறேன், முதலில் ஏன் தாழ இறங்குகிறார்கள் என்று பார்ப்போம். பாலத்தையோ ஆயுதக் கிடங்கையோ அடிப்பதென்றால் உயரத்திலிருந்தே அடிக்கலாம், அது இடம் மாறாது. ஆனால் காலாட்படை சண்டையில் மாட்டிக்கொண்டு உதவி கேட்கும்போது, நம் ஆளுக்கும் எதிரிக்கும் நடுவே சில சமயம் நூறு மீட்டர் கூட இருக்காது. தரையில் இருப்பவர் புகைக் குண்டு வீசி, "புகைக்கு வடக்கே அடியுங்கள்" என்று ரேடியோவில் சொல்வார். அந்தப் புகையும் தெரிய வேண்டும், வடக்கே இருப்பது யார் என்றும் தெரிய வேண்டும். ஒரு நொடி தப்பினால் குண்டு நம் ஆட்கள் மேலேயே விழும். இன்று கேமராவும், லேசர் ஒளி காட்டும் இடத்தில் போய் விழும் லேசர் குண்டும் வந்து இதைப் பெரிய அளவில் மாற்றிவிட்டன. ஆனாலும் மேகம் கீழே இறங்கிவிட்டால் லேசரால் அதை ஊடுருவ முடியாது, விமானிதான் மேகத்துக்குக் கீழே வர வேண்டும்.

வியட்நாமில் அ ஷாவ் பள்ளத்தாக்கில் அப்படித்தான் ஆனது. லாவோஸ் எல்லையை ஒட்டி, இரண்டு பக்கமும் மலை. 1966 மார்ச் 9, 10 தேதிகளில் அங்கிருந்த அமெரிக்கச் சிறப்புப் படை முகாமை வட வியட்நாம் படை சுற்றி வளைத்துத் தாக்கியது. மேகம் மலைகளை மூடிக்கொண்டு தொங்குகிறது. முன்னால் விசிறி சுழலும் அமெரிக்க ஸ்கைரைடர் போர் விமானங்கள் மேகத்தில் கிடைத்த இடைவெளியில் நுழைந்து, பள்ளத்தாக்குக்குள்ளேயே வரிசையாகப் பறந்து சுட்டன. திரும்புவதற்குக்கூட இடம் போதாது. மலைச்சரிவில் இருந்த எதிரித் துப்பாக்கிகள் பக்கவாட்டிலிருந்தே சுடுகின்றன.

பத்தாம் தேதி மேஜர் மையர்ஸ் என்பவரின் விமானம் அடிபட்டு, முகாமை ஒட்டிய ஓடுதளத்திலேயே விழுந்து தீப்பிடித்தது. மேலே வட்டமடித்துக் கொண்டிருந்தவர் மேஜர் பெர்னார்ட் ஃபிஷர். ஹெலிகாப்டர் வரும் வரை மையர்ஸ் பிழைக்க மாட்டார் என்று கணக்குப் போட்டு, தானே இறங்கப் போவதாக ரேடியோவில் சொன்னார். ஓடுதளம் ஏறத்தாழ 2,500 அடிதான், அதிலும் வெடித்த விமானத்தின் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. முதல் தடவை சரியாக அமையாமல் மீண்டும் மேலே ஏறினார். மறுபடி வந்து இறங்கி, திரும்பி, தளத்தின் நீளம் முழுக்க விமானத்தை ஓட்டிக்கொண்டே வந்தார். மையர்ஸ் புதரிலிருந்து ஓடி வந்து இறக்கையில் ஏறப் பார்த்தால், விசிறிக் காற்று அவரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஃபிஷர் இன்ஜின் வேகத்தைக் குறைத்து, அவரைப் பிடித்துத் தலைகுப்புற உள்ளே இழுத்துப் போட்டார். அந்த ரகத்தில் விமானிக்குப் பக்கத்திலேயே இன்னொரு இருக்கை உண்டு, அது காலியாக இருந்தது. இவ்வளவும் நடக்கும்போது கூட வந்த விமானங்கள் சுற்றிச் சுற்றி வந்து எதிரியைச் சுட்டுக்கொண்டே இருந்தன. திரும்பி வந்து பார்த்தபோது ஃபிஷரின் விமானத்தில் 19 குண்டுகள் பாய்ந்திருந்தன.

அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் அவருக்குக் கிடைத்தது. விருதுக் குறிப்பைப் படித்தால் உங்கள் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது. பெரும்பாலும் தோற்றுப்போகும் என்று தெரிந்தே அவர் இந்த முயற்சியில் இறங்கினார் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். ஆபத்து தெரியாமல் போய் மாட்டிக்கொள்வதைத்தான் அசட்டுத் துணிச்சல் என்போம். இவர் தூரம், நேரம், துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று எல்லாம் பார்த்துவிட்டு இறங்கினார்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். 1999 கார்கில். மே 26ஆம் தேதி விமானப்படை தாக்குதலைத் தொடங்கியது. மறுநாளே இரண்டு போர் விமானங்களை இழந்தோம். ஒன்று மிக்-27, இன்ஜின் நின்றுபோய், விமானி நச்சிகேதா குதித்துவிட்டார். அவர் விழுந்த இடத்தைத் தேடிப் போன ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அகுஜாவின் மிக்-21ஐ ஏவுகணை வீழ்த்தியது. அவருக்கு மறைவுக்குப் பின் வீர சக்ரா வழங்கினார்கள். மே 28 அன்று டோலோலிங் பகுதியில் ராக்கெட் தாக்குதலுக்குப் போன ஒரு எம்ஐ-17 ஹெலிகாப்டரை, ஒரு ஆள் தோளில் வைத்துச் சுடும் தோள் ஏவுகணை தாக்கி, அதிலிருந்த நான்கு பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ஃப்ளைட் லெப்டினன்ட் முகிலன். ஏவுகணையைத் திசைதிருப்பும் ஃப்ளேர் வசதி அந்த ஹெலிகாப்டரில் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது. நிலைமை தெரிந்தும் போனவர்களின் துணிச்சல் ஒரு பக்கம். அவர்களைத் தகுந்த பாதுகாப்போடு அனுப்பியிருக்க வேண்டிய பொறுப்பு இன்னொரு பக்கம். முன்னதைப் பாராட்டிவிட்டுப் பின்னதைப் பேசாமல் விட முடியாது.

விமானப்படையும் அப்படிப் பேசாமல் விடவில்லை. ஹெலிகாப்டர்களைத் தாக்குதல் வேலையிலிருந்து விலக்கினார்கள். போர் விமானங்கள் தோள் ஏவுகணைக்கு எட்டாத உயரத்துக்குப் போயின. எதிரி உட்கார்ந்திருந்ததே ஐயாயிரம் மீட்டர் சிகரங்களில் என்பதால், அதற்கும் மேலே வெகு உயரம் போக வேண்டியிருந்தது. உயரம் கூடியதும் சாதாரணக் குண்டுகள் குறி தவறின. அதனால்தான் மிராஜ் 2000 விமானங்களில் லேசர் கருவியைப் பொருத்தி, ஜூன் 24 அன்று டைகர் ஹில்லில் இருந்த எதிரி நிலையை அடித்தார்கள். ஆக, உயரத்திலிருந்து அடிக்க வழி இருக்கும்போது நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, அப்போது யாரும் வேண்டுமென்றே கீழே போவதில்லை. அந்த வழி இல்லாத நாளில், கீழே ஆட்கள் உதவி கேட்டுக்கொண்டிருக்கும்போது இறங்கிப் போகிறவருக்குத்தான் பதக்கம்.