850 டிகிரி என்று திரையில் தெரிந்தால் போதுமா?

வணக்கம் நண்பர்களே. குப்பை எரிக்கும் உலை என்றாலே எல்லாரும் முதலில் கேட்பது, "உள்ளே எத்தனை டிகிரி?" ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, கடைசியாகக் காற்று செலுத்தும் இடத்தைத் தாண்டிய பிறகு, புகை குறைந்தது 850 டிகிரி செல்சியஸில் 2 விநாடி இருந்தாக வேண்டும். குளோரின் மாதிரி ஆலசன்கள் கலந்த கரிமப் பொருள் 1 சதவீதத்துக்கு மேல் உள்ள அபாயக் கழிவு என்றால் 1,100 டிகிரி. எண்ணைச் சொல்லிவிடலாம். அதைப் பிடித்து வைப்பதுதான் பெரும்பாடு.

ஈரக் குப்பை ஒரு குவியலாக உள்ளே விழுகிறது என்று வையுங்கள். முதலில் தண்ணீர் ஆவியாக வேண்டும், அதற்கே வெப்பமெல்லாம் போய்விடும். மேலே இருக்கும் தெர்மோகப்பிள், அதாவது வெப்பநிலையை அளக்கும் கருவி, கொஞ்ச நேரம் கழித்துத்தான் இறக்கத்தைக் காட்டும். உடனே துணை பர்னரை ஏற்றுவார்கள். அதற்குள் குவியல் காய்ந்து மொத்தமாகப் பற்றிக்கொள்ளும், வெப்பம் குபீரென்று எகிறும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு நல்ல மருந்து, கீழே குப்பைக் குழியில் இருக்கிறது. கிரேன் ஓட்டுபவர் ஈரத்தையும் காய்ந்ததையும் அள்ளி, உதறி, திரும்பத் திரும்பக் கலந்து போட்டால் உலை பாதி அடங்கிவிடும். என்னைக் கேட்டால், அந்த ஆலையின் முதல் வெப்பக் கட்டுப்பாட்டாளர் அவர்தான்.

அடுத்து காற்று. ஊதினால் தீ வளரும் என்று நினைக்கிறோம். தேவைக்கு மேல் போகிற காற்று எரியாமல் வெப்பத்தைச் சுமந்துகொண்டு வெளியேறும், உலை குளிரும். குறைத்தாலோ முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு ஏறும். அதனால் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல், ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு அளவுகளையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, கூடுதலாகவே சூடாக்கி வைத்தால் என்ன? சாம்பல் உருகிச் சுவரில் கட்டியாக ஒட்டும். நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியா தெளிக்கும் ஆலைகளில் இன்னொரு சிக்கல். சுமார் 850 முதல் 1,000 டிகிரிக்குள்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். கீழே போனால் யூரியாவிலிருந்து வரும் அமோனியா வீணாக வெளியேறும். ரொம்ப மேலே போனால் அந்த அமோனியாவே எரிந்து நைட்ரஜன் ஆக்சைடாக மாறும்.

தெர்மோகப்பிளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். அதன் உறை மேல் சாம்பல் படிந்தால் மாற்றத்தைத் தாமதமாகக் காட்டும். சுற்றியுள்ள கொதிகலன் சுவர் புகையைவிடக் குளிர்ந்திருந்தால், கருவியின் சூடு கதிர்வீச்சாக அங்கே போகும், உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். ஒரு கருவியை மட்டும் நம்பி உலையை ஓட்டவே கூடாது.

இப்போது டயாக்சின், குளோரின் கலந்த கொடிய நச்சுப் பொருள். 1977-இல் நெதர்லாந்தின் நகராட்சி எரிப்பு ஆலைகளின் பறக்கும் சாம்பலிலும் புகையிலும் இது இருப்பதை ஓலியும் அவருடைய சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். உலைக்குள் நன்றாக எரிந்து சிதைந்த பிறகும், புகை ஆறும்போது சுமார் 200 முதல் 450 டிகிரி வரையிலான வழியில் இது மறுபடி உருவாகலாம். சாம்பலில் மிஞ்சிய கரியும் குளோரினும் சேர, அதிலுள்ள செம்பு அந்த வினையைத் தூண்டிவிடுகிறது. அதனால் அந்த இடைவெளியைப் புகை சட்டென்று கடக்க வேண்டும். கொதிகலன் குழாய்களில் சாம்பல் தேங்கவும் விடக் கூடாது. சூடேற்றுவதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், ஆற்றுவதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அப்புறம், எனக்கு அதிகம் கவலை தருவது உலையை ஏற்றும், இறக்கும் நேரங்கள். முதலில் எண்ணெய் அல்லது எரிவாயு பர்னரால் 850-ஐ எட்டிய பிறகே குப்பை போட வேண்டும். வெப்பம் குறைந்தால் குப்பை வரத்தைத் தானாக நிறுத்தும் பூட்டு அமைப்பும் இருக்க வேண்டும். குப்பை குவிந்துவிட்டது என்று சொல்லி அந்தப் பூட்டை யாரும் தளர்த்தி வைக்கக் கூடாது. உங்கள் பக்கத்து ஆலையில் கேள்வி கேட்க வாய்ப்பு கிடைத்தால், சராசரி வெப்பநிலையைக் கேட்காதீர்கள். அந்தப் பூட்டு எத்தனை முறை விழுந்தது, ஏன் விழுந்தது என்று கேளுங்கள்.