பின்தங்கிய கடிகாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

பூமி என்ன வடிவம் என்று கேட்டால் 'உருண்டை' என்று சட்டென்று சொல்லிவிடுவோம். தப்பில்லை. ஆனால் எந்த அளவுக்கு உருண்டை? இந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டது ஓர் ஊசல் கடிகாரம்.

1672ஆம் ஆண்டு. ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் செவ்வாயைக் கவனிப்பதற்காகத் தென் அமெரிக்காவின் கயேனுக்குப் போகிறார். நிலநடுக்கோட்டுக்கு 5 பாகை வடக்கே உள்ள ஊர் அது. பாரிசில் நொடி பிசகாமல் ஆடும் ஊசல், அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலின் நீளத்தில் 3 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகக் கழித்த பிறகுதான் நேரம் சரிப்பட்டது. ஒரு நகத்தின் ஓரம் அளவுகூட இல்லை. வேறு யாராவது என்றால் கடிகாரத்தைத் திருத்திவிட்டு மறந்திருப்பார்கள். ரிஷே எழுதி வைத்தார். அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அந்தக் குறிப்பின் அர்த்தத்தை நியூட்டன் 1687இல் விளக்கினார். ஊசல் மெதுவாக ஆடினால் அங்கே ஈர்ப்பு குறைவு. பூமி சுழல்வதால் அதன் இடுப்பு புடைத்து, துருவங்கள் தட்டையாகியிருக்கின்றன என்றார். பாரிஸின் வானியலாளர்களான காசினி குடும்பத்தாரோ நேர்மாறாக, பூமி துருவங்கள் நீண்ட எலுமிச்சைபோல இருக்கிறது என்றார்கள். வழக்கைத் தீர்க்க, வடக்கு தெற்காக ஒரு பாகையின் நீளம் எவ்வளவு என்று அளக்க இரண்டு குழுக்கள் கிளம்பின. ஒன்று 1735இல் இன்றைய ஈக்வடாருக்கு, மற்றொன்று 1736இல் ஐரோப்பாவின் வடகோடியில் பனி மூடிய லாப்லாந்துக்கு. தட்டையான இடத்தில் ஒரு பாகையைக் கடக்க அதிக தூரம் போக வேண்டும், இல்லையா? லாப்லாந்தில்தான் பாகை நீண்டிருந்தது. நியூட்டன் சொன்னதே சரி.

நிலநடுக்கோட்டு விட்டம், துருவ விட்டத்தைவிடச் சுமார் 43 கிலோமீட்டர் அதிகம். ஒரு மீட்டர் அகல உருண்டையாகப் பூமியைச் செய்தால் அந்த வித்தியாசம் 3 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். விண்வெளிப் படத்தில் கண்ணுக்குத் தெரியாததில் வியப்பில்லை.

ஆனால் தண்ணீருக்குத் தெரியும். மிசிசிப்பி ஆறு வடக்கிலிருந்து தெற்கே ஓடுகிறது. அதன் முகத்துவாரம், அது பிறக்கும் ஏரியைவிடப் பூமியின் மையத்திலிருந்து ஏறக்குறைய 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது! அப்படியானால் ஆறு மேலேறுகிறதா? இல்லை. மையத்துக்குக் கிட்டே இருப்பதெல்லாம் பள்ளம் ஆகிவிடாது. எது மேடு, எது பள்ளம் என்று சொல்வது ஈர்ப்பும் சுழற்சியும் சேர்ந்துதான்.

பூமிக்குள் பாறையின் அடர்த்தி எங்கும் ஒன்றுபோல் இல்லாததால் ஈர்ப்பும் இடத்துக்கு இடம் மாறுகிறது. அதற்கேற்பக் கடல் மட்டமும் எழுந்து தாழ்ந்து நிற்கிறது. அலையும் ஓதமும் ஓய்ந்த அந்த மட்டத்துக்கு 'ஜியாய்டு' என்று பெயர். இதைத்தான் உருளைக்கிழங்குபோல வரைந்து பரப்புகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். மேடு பள்ளங்களை ஆயிரக்கணக்கான மடங்கு பெரிதாக்கி வரைந்த படம் அது. நிஜத்தில் ஏற்ற இறக்கம் அதிகபட்சம் 100 மீட்டரை ஒட்டித்தான்.

அதில் மிக ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே கடல் மட்டம், கணக்கிட்ட சீரான வடிவத்தைவிட 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. கப்பல்கள் அதற்குள் இறங்கி ஏறிப் போய்க்கொண்டேதான் இருக்கின்றன. எஞ்சினுக்குக் கூடுதல் பாரம் இல்லை. கப்பலில் மேசைமேல் வைத்த தம்ளர் தண்ணீர்கூட அதற்காக ஒரு பக்கம் சாய்வதில்லை.

வணக்கம்.