உடம்பு வழியே ஒரு சிக்னல்: வாட்சும் பேட்ச்சும் பேசிக்கொள்வது எப்படி?

(திரையில்: ஒருவர் நிற்கிறார். மணிக்கட்டில் ஸ்மார்ட்வாட்ச், காதில் இயர்பட், மார்பில் ஈசிஜி பேட்ச்.)

வணக்கம். இந்த மூன்று கருவிகளும் ஒரே உடம்பில் இருக்கின்றன. வாட்சுக்கும் பேட்ச்சுக்கும் நடுவே ஒரு மீட்டர்கூட இல்லை. ஆனால் இவை ப்ளூடூத்தில் பேசும்போது அந்தச் சிக்னல் பக்கத்து அறை வரை போகிறது. போக வேண்டிய இடத்துக்குப் போவதைத்தான் நடுவில் இருக்கும் உடம்பு தடுக்கிறது.

ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அதன் அலைநீளம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். நம் உடம்பில் பாதிக்கு மேல் உப்புக் கலந்த நீர்தான். இந்த அதிர்வெண்ணில் வரும் அலையை அது உறிஞ்சிவிடும். ஆகவே சிக்னல் உடம்பைச் சுற்றிக்கொண்டோ, சுவரில் பட்டுத் திரும்பியோதான் போய்ச் சேர வேண்டும். அதற்கு ஆகும் செலவு முழுக்கக் குட்டி பேட்டரியின் தலையில் விழுகிறது.

சரி, உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும் அல்லவா? அப்படியென்றால் தடையாக நிற்கிற உடம்பையே வழியாக்கிக்கொள்ளலாமே!

1995-இல் எம்.ஐ.டி. மீடியா லேபில் டாமஸ் ஜிம்மர்மன் தன் முதுகலை ஆய்வில் இதைத்தான் செய்து காட்டினார். அவருடைய கருவி 330 கிலோஹெர்ட்ஸில் இயங்கியது. நொடிக்கு 2400 பிட் அனுப்பியது. இருவர் கைகுலுக்கினால் ஒருவருடைய விசிட்டிங் கார்டு விவரம் மற்றவருடைய கருவிக்குப் போய்விடும். அப்போது எல்லோரையும் கவர்ந்தது இந்தக் கைகுலுக்கல்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அந்தச் சிக்னல் திரும்பி வந்த வழி.

(திரையில்: வாட்சின் குறுக்குவெட்டு. கீழ்த்தகடு தோலைத் தொடுகிறது, மேல்தகடு காற்றைப் பார்க்கிறது.)

கருவிக்குள் இரண்டு உலோகத் தகடுகள். ஒன்று தோல் பக்கம், மற்றது வெளிப்பக்கம். இரண்டுக்கும் நடுவே மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினால், உடம்பு முழுவதன் மின்னழுத்தமும் துளி ஏறி இறங்கும். 1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 300 மீட்டர். அதற்கு முன்னால் உடம்பு மிகச் சிறியது, அதனால் தலை முதல் கால் வரை கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஒரே அளவு ஏறி இறங்குகிறது.

இங்கேதான் சிக்கல். ஏரியில் மிதக்கிற தெப்பம் தண்ணீரோடு சேர்ந்து உயர்ந்தால், அதில் உட்கார்ந்திருப்பவருக்கு உயர்ந்தது தெரியாது. கரையைப் பார்த்தால்தான் தெரியும். மார்பில் இருக்கும் பேட்ச்சும் அப்படித்தான். அதற்குக் கரை என்பது தரை. ஆனால் தரைக்குக் கம்பி கிடையாது. வெளிப்பக்கத் தகட்டுக்கும் தரைக்கும் நடுவே காற்று வழியாக இருக்கும் மின்தேக்குத்திறன் (இரண்டு கடத்திகள் தொடாமலே மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறன்) மட்டுமே அதற்குத் துணை.

அது எவ்வளவு? மின்தேக்குத்திறனை அளக்கும் சிறு அலகு பிகோஃபாரட். வாட்ச் அளவுக் கருவிக்கு ஒரு பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். மனித உடம்புக்கும் தரைக்கும் நடுவே இருப்பதோ 100 பிகோஃபாரட் அளவு. மின்னழுத்தம் இந்த விகிதத்தில்தான் பங்காகும். வாட்ச் 1 வோல்ட் கொடுத்தால் உடம்பு அசைவது ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு, 10 மில்லிவோல்ட். வாங்கும் பக்கத்திலும் இதே கதை நடப்பதால், அதிலும் ஒரு பகுதிதான் பேட்ச்சுக்குக் கிடைக்கிறது. உடம்பு நல்ல கடத்திதான். சிக்னல் இளைப்பதெல்லாம் திரும்பி வரும் காற்று வழியில்.

இதனால் ஆராய்ச்சியாளர்களுக்கே ஒரு பொறி இருக்கிறது. சோதனையின்போது சிக்னலை வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பைச் சுவர் பிளக்கில் செருகினால் போதும், அதன் கிரவுண்ட் நேராகத் தரைக்குப் போய்விடும். காற்று வழி தேவையே இல்லாமல் போய், சிக்னல் அருமையாகத் தெரியும். ஆகவே இந்தத் துறையில் எந்த அளவீட்டைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, கருவி பேட்டரியில் ஓடியதா, பிளக்கில் ஓடியதா என்பதுதான்.

இன்னொன்று, வாங்கும் முனை. ரேடியோ கருவிகளில் அந்த முனையின் மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, வழக்கமாக 50 ஓம். இவ்வளவு மெலிந்த காற்று வழிக்கு முன்னால் 50 ஓம் என்பது கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட். அதிர்வெண் குறையக் குறைய நிலைமை மோசமாகும். அதனால் மின்பொறியாளர் அமைப்பான ஐ.ட்ரிபிள்.ஈ. 2012-இல் வெளியிட்ட 802.15.6 தரநிலை, உடம்பு வழித் தொடர்புக்கு 21 மெகாஹெர்ட்ஸை மையமாக வைத்தது. ஆனால் அதிர்வெண்ணை மேலும் மேலும் கூட்டினால் உடம்பே ஆன்டெனாவாகி வெளியே ஒலிபரப்பத் தொடங்கிவிடும்.

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஷ்ரேயாஸ் சென் குழு எதிர்த்திசையில் போனது. 50 ஓமை விட்டுவிட்டு, மின்னோட்டத்தை ஏறக்குறைய இழுக்கவே இழுக்காத உயர் மின்மறுப்பு முனையை வைத்து, குறைந்த அதிர்வெண்ணுக்கே இறங்கியது. அவர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், சிக்னல் உடம்பிலிருந்து ஒரு கை நீளம்கூட வெளியே போகவில்லை. செலவாகும் ஆற்றல் ப்ளூடூத்தில் நூறில் ஒரு பங்கு என்பது அவர்கள் சொன்ன கணக்கு. உடம்பின் தகவல் உடம்போடு இருப்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஆனால் யாராவது உங்களைத் தொட்டால் சிக்னல் அவருக்கும் போகும், ஜிம்மர்மன் காட்டியதே அதுதானே! அதனால் மறையாக்கத்தை, அதாவது தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்புவதை, விட்டுவிட முடியாது.

ஷாக் அடிக்குமா? அடிக்காது. வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணில் நாம் உணரத் தொடங்குவதே ஏறக்குறைய 1 மில்லியாம்பியரில்தான். இங்கே போவது அதைவிட மிக மிகக் குறைவு. கொழுப்பைக் கணக்கிடும் எடை மெஷின்கள் இதைவிட அதிக மின்னோட்டத்தை உங்கள் கால் வழியே ஏற்கெனவே அனுப்புகின்றன.

(திரையில்: உடம்பின் உட்புறம். வயிறு, பிறகு இதயம்.)

அப்புறம் இன்னொரு முறை உண்டு. இரண்டு மின்முனைகளையும் திசுவிலேயே வைத்து, மின்னோட்டத்தின் சுற்றை உள்ளேயே முடித்துவிடுவது. இதற்குத் தரை தேவையில்லை. ஆனால் தூரம் கூடினால் சிக்னல் வேகமாகத் தேயும், அதனால் உடம்புக்குள் இருக்கும் கருவிகளுக்கே இது நன்றாகப் பொருந்துகிறது. 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்த அபிலிஃபை மைசைட் என்ற மனநல மாத்திரையில் தாமிரமும் மெக்னீசியமும் கொண்ட நுண்ணிய சென்சார் உண்டு. வயிற்று நீர் பட்டதும் அதுவே சிறு பேட்டரியாகி, மாத்திரை உள்ளே போய்விட்டது என்று உடம்பில் ஒட்டிய பேட்ச்சுக்குச் சொல்லும்.

2023-இல் அனுமதி பெற்ற அவீர் டிஆர் என்ற பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைத் தூண்டும் கருவி) இன்னும் ஒரு படி மேலே. இதயத்தின் மேலறையில் ஒரு குட்டிக் கருவி, கீழறையில் ஒன்று. நடுவே கம்பி இல்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தமும் இதயத் தசையும் வழியாகவே இரண்டும் சேதி சொல்லிக்கொண்டு, ஒன்றோடொன்று ஒத்திசைந்து துடிப்பைத் தூண்டுகின்றன. ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டிய அந்தப் பேட்டரியை ஒவ்வொரு துடிப்புக்கும் ரேடியோவுக்குச் செலவழித்தால் கட்டுப்படியாகாது.