ஜானி முல்லா ஆடிய ஒரே ஒரு முதல்தரப் போட்டி

வணக்கம். 2020 டிசம்பரில் மெல்போர்னில் நடந்த பாக்ஸிங் டே டெஸ்ட் (டிசம்பர் 26-இல் தொடங்கும் டெஸ்ட்) உங்களுக்கு நினைவிருக்கும். அடிலெய்டில் 36 ஓட்டத்துக்குச் சுருண்ட நம் அணியை ரஹானே 112 அடித்துத் தூக்கி நிறுத்திய ஆட்டம். அது முடிந்ததும் அவர் கழுத்தில் ஒரு பதக்கம் போட்டார்கள். முல்லா பதக்கம். அதை முதன்முதலில் வாங்கியவரே ரஹானேதான். யார் இந்த முல்லா என்று அன்றைக்குத் தேடிப் படிக்க ஆரம்பித்தவன் நான், இன்னும் அந்த மனிதரை விட்டு வெளியே வர முடியவில்லை.

அவருடைய இயற்பெயர் உனாரிமின். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் மேற்கே ஹாரோ என்ற சிற்றூர்ப் பக்கம், ஜார்ட்வாஜலி என்ற பழங்குடியில் 1841 வாக்கில் பிறந்தவர். வெள்ளைக்காரர்கள் வந்து நிலத்தையெல்லாம் செம்மறியாட்டுப் பண்ணைகளாக வளைத்துப் போட்ட காலம் அது. முல்லா என்பதுகூட ஒரு பண்ணையின் பெயர்தான். பண்ணையில் வேலை பார்த்துக்கொண்டே கிரிக்கெட் பழகினார்.

1868-இல் 13 பழங்குடி ஆட்டக்காரர்களை இங்கிலாந்துக்குக் கூட்டிப் போனார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து அங்கே போன முதல் கிரிக்கெட் அணி இதுதான், வெள்ளையர் அணி போனது அதற்குப் பத்து வருடம் கழித்து. மே முதல் அக்டோபர் வரை 47 ஆட்டங்கள், 14 வெற்றி, 14 தோல்வி, மீதி 19 டிரா. முல்லா மட்டும் 1698 ஓட்டங்கள், 245 விக்கெட்டுகள். பந்து எப்படித் துள்ளும் என்றே தெரியாத அந்தக் காலத்து ஆடுகளங்களில் சராசரி 23-க்கு மேல் என்றால் அது பெரிய விஷயம், அதிலும் லார்ட்ஸில் எம்சிசி என்ற மெரில்போன் கிரிக்கெட் கிளப் அணிக்கு எதிராக 75 அடித்திருக்கிறார். அப்புறம் பந்துவீச்சைப் பாருங்கள். 1877 ஓவர்கள், அதில் 831 மெய்டன், அதாவது ஓர் ஓட்டம்கூடக் கொடுக்காத ஓவர். அப்போது ஓவருக்கு நான்கு பந்துதான், ஆனாலும் ஏழாயிரத்து ஐந்நூறு பந்து வருகிறது, ஒரே கோடையில்! இவ்வளவும் போதாதென்று, ஆட்டம் முடிந்த பிறகு கூட்டத்துக்கு வேடிக்கை காட்ட பூமராங்கும் ஈட்டியும் எறியச் சொன்னார்கள். கிங் கோல் என்ற ஆட்டக்காரர் காசநோயால் அங்கேயே இறந்துபோனார்.

ஊர் திரும்பியவர்களுக்கு என்ன கிடைத்தது? 1869-இல் விக்டோரியா அரசு ஒரு சட்டம் போட்டது. 'பாதுகாப்பு' என்று பெயர், ஆனால் பழங்குடியினர் எங்கே வாழலாம், என்ன வேலை செய்யலாம் என்பதையெல்லாம் அரசே முடிவு செய்யும். அந்த அணியில் பெரும்பாலோர் அதற்குப் பிறகு கிரிக்கெட்டில் கண்ணிலேயே படவில்லை. முல்லா கொஞ்ச நாள் மெல்போர்ன் கிளப்பில் சம்பளத்துக்கு ஆடினார், பிறகு ஹாரோவுக்கே போய்விட்டார்.

மானஸ்தர். ஆப்ஸ்லி என்ற ஊருக்கு ஆடப் போனபோது நிறத்தைச் சொல்லி யாரோ இழிவாகப் பேச, தங்கும் விடுதிக்குள் போக மறுத்து வெளியிலேயே இருந்துவிட்டாராம்.

1879-இல்தான் விக்டோரியா அணியில் அவருக்கு ஓர் இடம் கிடைத்தது, லார்ட் ஹாரிஸ் கூட்டி வந்த இங்கிலாந்து அணிக்கு எதிராக. அப்போது வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது இன்னிங்ஸில் 36 அடித்தார், அணியில் அதுதான் அதிகம். சரி, அடுத்த ஆட்டத்துக்கும் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். கூப்பிடவில்லை. பதிவேட்டில் அவருக்கு முதல்தரப் போட்டி, அதாவது உயர்மட்ட ஆட்டமாகக் கணக்கில் வருவது, அந்த ஒன்றே ஒன்றுதான்; 1868 பயணத்தின் ஆட்டங்கள் அந்தக் கணக்கில் சேராது. திறமை குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன், 1868-இன் கணக்கை எடுத்து முன்னால் வைப்பேன்.

ஹாரோ ஊர் அணிக்காகக் கிட்டத்தட்ட கடைசிவரை ஆடிக்கொண்டிருந்தார். 1891 ஆகஸ்டில் இறந்தார். அந்த ஊர் மைதானத்துக்கு அவர் பெயர்தான். மெல்போர்னில் ரஹானே கழுத்தில் தொங்கியதே, அந்தப் பதக்கத்தின் வடிவம் 1868 அணி இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டின் பக்கிளைப் பார்த்துச் செய்தது.