அம்மாவுக்காக வாங்கிய மெஷின்

நேயர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் பழைய வண்டிகளைப் புதுப்பித்து ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தாத்தாவின் ராஜ்தூத், அப்பாவின் லாம்ப்ரெட்டா என்று ஊர் ஊராகச் சாமான் தேடிப் பிடித்து, பெயின்ட் அடித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏற்றிப் பார்ப்பார்கள். வால்வு ரேடியோவைத் திரும்பப் பாட வைக்கிறவர்களும் உண்டு. எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் இப்படி உயிர் கொடுக்கப்படுகிற பொருள்களைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் அவை வீட்டு ஆண்கள் வைத்திருந்தவை. அம்மா பயன்படுத்திய கிரைண்டரும் மிக்ஸியும் வாஷிங் மெஷினும் ரிப்பேர் ஆனால் பழைய இரும்புக் கடைத் தராசுக்குத்தான் போகின்றன. இது எனக்கு நெடுநாளாகவே மனத்தாங்கலான விஷயம்.

நான் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவு மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, 1992-இல், அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்த இரட்டைத் தொட்டி வாஷிங் மெஷினை இப்போது திரும்ப ஓட வைத்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அந்த மெஷின் வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் துணி துவைப்பது என்பது என்ன வேலை என்று முதலில் சொல்ல வேண்டும். கூட்டுக் குடும்பம், ஒன்பது பேர். அப்பாவும் சித்தப்பாவும் விசைத்தறி ஓட்டினார்கள். எண்ணெயும் பஞ்சுத் தூசியும் ஏறிய லுங்கிகள், பள்ளிச் சீருடைகள், பாட்டியின் நூல் புடவைகள் என்று தினமும் ஒரு குவியல் சேரும். மேட்டூர்த் தண்ணீர் குழாயில் சில நாளைக்கு ஒரு முறைதான் வரும். அது குடிக்கவும் சமைக்கவும் சரியாகப் போய்விடும். துவைப்பதற்குப் போர் தண்ணீர்தான். நம் ஊருக்குப் பக்கத்தில், மாமாங்கம், கருப்பூர் பக்கமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறதே, அது சுண்ணாம்பு இல்லை, மேக்னசைட். அதாவது மெக்னீசியம் கார்பனேட். நம்முடைய பாறையில் மெக்னீசியம் நிறைய. தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருந்தால் சோப்பு நுரைக்காது. நுரைக்குப் பதிலாகத் திரிந்த பால்போல வெள்ளையாக ஒன்று துணியில் ஒட்டும். அதைப் போக்க அம்மா இன்னும் ஓங்கி அடித்து, இன்னும் இரண்டு தடவை அலச வேண்டும். மார்கழியில் விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிடும். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுப்பார்.

மெஷின் வாங்குவதைப் பற்றி அப்பா பேச்செடுத்தபோது பாட்டிக்குப் பிடிக்கவில்லை. "கை கால் நல்லா இருக்கறவளுக்கு மெஷின் எதுக்கு?" என்றார். அப்பா அதிகம் பேசாதவர். "தறிக்கு மட்டும் மோட்டார் வேணும், கைக்கு வேண்டாமா?" என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வீடியோகான், பிபிஎல், புதுச்சேரியில் தொழிற்சாலை வைத்திருந்த டிவிஎஸ் வேர்ல்பூல் என்று பெயர்கள் நடுத்தரக் குடும்பங்களுக்குப் பழக்கமாகிக்கொண்டிருந்த காலம் அது. தவணையில் வாங்கினோம். எங்கள் வீட்டில் அம்மாவின் வேலைக்காக என்று காசு போட்டு வாங்கிய முதல் இயந்திரம் அதுதான்.

செமி ஆட்டோமேட்டிக் என்றால் பாதி வேலை நம்முடையது. தண்ணீரை நாமே ஊற்ற வேண்டும், துவைத்த துணியை நாமே எடுத்துப் பக்கத்துத் தொட்டியில், அதாவது டிரையரில், போட வேண்டும். இதைக் குறை என்று சொல்கிறார்கள். தண்ணீர் அருமைப்பட்ட ஊரில் நான் அதை நிறை என்றே சொல்வேன். அம்மா ஒரே சோப்புத் தண்ணீரில் முதலில் வெள்ளைத் துணி, அப்புறம் கலர் துணி, அதற்கப்புறம் தறி லுங்கி, கடைசியில் கால்மிதி என்று வரிசையாக எடுப்பார். அலசிய தண்ணீர் பாத்ரூம் கழுவப் போகும். முழு ஆட்டோமேட்டிக் மெஷினிடம் இப்படிச் சொல்லி வேலை வாங்க முடியாது. அது ஒவ்வொரு முறையும் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டுப் புதிதாகக் கேட்கும்.

பல வருஷம் உழைத்த பிறகு ஒரு நாள் துவைக்கிற பக்கம் உறுமியது, சுற்றவில்லை. பார்க்க வந்தவர், "பார்ட்ஸ் வராதுங்க, எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டுப் புதுசு வாங்கிக்குங்க" என்றார். புதுசு வந்தது. பழசை மட்டும் அம்மா கொடுக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே, தேங்காய் மட்டைகளுக்கு நடுவில் கிடந்தது.

ஒரு மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால், பெரும்பாலும் மோட்டார் சாகவில்லை என்றுதான் அர்த்தம். நம் வீட்டு ஃபேனில் பார்த்திருப்பீர்கள். கண்டன்சர் போய்விட்டால் அது இப்படித்தான் நிற்கும், கையால் தள்ளிவிட்டால் ஓடும். வாஷிங் மெஷினிலும் அதே கதைதான். துவைக்கிற மோட்டாரில் ஒரே மாதிரியான இரண்டு காயில்கள், அதாவது கம்பிச் சுருள்கள், இருக்கும், வெளியே மூன்று வயர் வரும். பொது வயருக்கும் மற்ற ஒவ்வொன்றுக்கும் மல்டிமீட்டர் வைத்தால் ஒரே ஓம், அதாவது ஒரே மின்தடை, காட்ட வேண்டும். அந்த இரண்டுக்கும் இடையில் வைத்தால் இரண்டு மடங்கு காட்ட வேண்டும். எங்கள் மெஷினில் அப்படியே காட்டியது. காயில் முழுசாக இருந்தது. போனது 10 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்றுதான். எந்த எலக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கிற சாமான் அது. "பார்ட்ஸ் வராது" என்ற ஒரு வார்த்தையில் இத்தனை வருஷம் அந்த மெஷின் இருட்டில் கிடந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கண்டன்சரைத் தொடுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரன்ட் தங்கியிருக்கும். இரண்டு முனைக்கும் இடையில் ஒரு குண்டு பல்பைக் கொடுத்து அதை வடித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். என் மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே இதைச் சொல்வேன்.

இந்த மெஷினில் என்னை மயக்கியது அதன் டைமர். பதினைந்து நிமிடக் குமிழைத் திருகினால் உள்ளே ஒரு சுருள்வில் முறுக்கிக்கொள்ளும். அப்புறம் பல்சக்கரங்கள் வழியாக அது கொஞ்சம் கொஞ்சமாக விரியும். அந்த ஓட்டத்தில் மேடும் பள்ளமுமான சிறிய வட்டுகள் சுற்றி, செம்புத் தகடுகளை அழுத்தி விடும், மறுபடி அழுத்தி விடும். ஒரு தகடு தொட்டால் கரன்ட் முதல் காயிலுக்கு நேராகவும், இரண்டாவது காயிலுக்குக் கண்டன்சர் வழியாகவும் போகும். கண்டன்சர் வழியாகப் போகிற கரன்ட் மற்றதைவிடச் சற்று முந்திக்கொள்ளும். அந்த முந்தல்தான் எந்தப் பக்கம் சுற்றுவது என்பதைத் தீர்மானிக்கிறது. சில விநாடி கழித்து எல்லாம் நிற்கும். பிறகு அடுத்த தகடு தொடும். இப்போது இரண்டு காயிலுக்கும் வழி மாறிவிடும், மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். துணி ஒரே பக்கமாகச் சுற்றி முறுக்கிக்கொள்ளாமல் இருப்பது இதனால்தான். மைக்ரோசிப் இல்லை, புரோகிராம் இல்லை. கடிகாரம் செய்யத் தெரிந்த ஒருவர் யோசித்திருந்தால் இதைத்தான் யோசித்திருப்பார். மூடியைத் திறந்தால் கண்ணுக்கு முன்னால் எல்லாம் தெரிகிறது. எது எதைத் தள்ளுகிறது என்று விரலால் தொட்டுச் சொல்லிவிடலாம். படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடப் பொருள் எனக்குத் தெரியவில்லை.

அந்த டைமரில் கிரீஸ் காய்ந்து பிசினாகியிருந்தது. தகடு முனைகள் தீப்பொறி பட்டுக் கருகியிருந்தன. மண்ணெண்ணெயில் பல்சக்கரங்களைக் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, முனைகளை நைஸ் எமரித்தாளால் லேசாகத் தேய்த்தேன். டிக் டிக் சத்தம் வந்துவிட்டது.

பேரிங் விஷயத்திலும் பயமே வேண்டாம். அதன் பக்கத்திலேயே நம்பர் இருக்கும். எங்கள் மோட்டாரில் இருந்தது 6202. உள்விட்டம் 15 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 35. உலகம் முழுவதும் அந்த நம்பருக்கு அதே அளவுதான். பெல்ட்டிலும் நம்பர் அச்சிட்டிருக்கும். எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் போதும்.

அடித்தட்டுதான் கஷ்டம் கொடுத்தது. சோப்புத் தண்ணீர் வருஷக்கணக்கில் தேங்கி, இரும்புத் தகடு அப்பளமாக உதிர்ந்தது. 1981-லிருந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு உருட்டுகிற உருக்காலை இருக்கிற ஊர் நம்முடையது. அதனால் எல்லோரும் எவர்சில்வர் தகடு போட்டுவிடு என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். ஈரத்தில் எவர்சில்வரும் சாதா இரும்பும் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். மிச்சமிருக்கிற பழைய உடம்பையும் அது தின்றுவிடும். அதனால் சாதாத் தகட்டையே வெட்டிப் பற்றவைத்து, ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்து, மேலே எனாமல் பெயின்ட் அடித்தோம். பற்றவைத்துக் கொடுத்தவர் கொண்டலாம்பட்டி பக்கம் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன். "வாஷிங் மெஷினுக்கு யாரும் இத்தனை பாடு பட்டதில்லீங்க டீச்சர்" என்றவர், காசு வாங்குவதற்குத் தயங்கினார். கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். அவர் வேலைக்கும் மதிப்பு இருக்கிறது.

டிரையர் பக்கத்தில் அடி ரப்பர் கிழிந்திருந்தது, பிரேக் வயர் தளர்ந்திருந்தது. இரண்டையும் மாற்றினேன். டிரையர் மூடியைத் திறந்த உடனே சுற்று நிற்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 1,300 சுற்றுக்கு மேல் போகிற தொட்டி அது, குழந்தைகள் கை விடுவார்கள்.

துவைக்கிற தொட்டியின் அடியில் இருக்கும் சக்கரத்தைக் கழற்றியபோது ஒரு பிடி சாமான் வந்தது. சட்டைப் பித்தான், ஊக்கு, இருபத்தைந்து பைசா, தங்கையின் வெள்ளிக் கொலுசிலிருந்து உதிர்ந்த சலங்கை ஒன்று. அந்தச் சலங்கைக்காக அவள் அன்று அடி வாங்கினாள். இப்போது அவளுக்கே கொடுத்தாயிற்று. சுற்றிலும் உப்புப் படிவம் கல்லாக இறுகியிருந்தது. சிட்ரிக் ஆசிட் பொடியை வெந்நீரில் கரைத்து ஊற வைத்தால் அது இளகிவிடும். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம், அதோடு பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கு ஆபத்து.

இத்தனைக்கும் நடுவில் அம்மா அவ்வப்போது வந்து பார்த்துவிட்டு, "எதுக்கு கண்ணு இந்தப் பழசைப் போட்டு நோண்டிக்கிட்டிருக்கே?" என்பார். ஆனால் எந்தக் கலர் பெயின்ட் என்று கேட்டபோது பதில் உடனே வந்தது. "அதே வெளிர் நீலம்தான். வேற அடிச்சா அது நம்ம மெஷின் இல்ல." மூடியில் இருந்த கீறல்களை மாற்ற வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அம்மா சொன்னதுதான் சரி. ஷோரூமில் இருந்த மாதிரி பளபளவென்று ஆக்குவது என் நோக்கம் இல்லை. அது துணி துவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். பிளக்கைச் செருகுவதற்கு முன்னால் வயர்களை எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். மெஷின் உடம்பிலிருந்து பிளக்கின் பெரிய பின் வரை எர்த் வயர் தொடர்ச்சியாக வருகிறதா என்று சோதியுங்கள். ஈரத் தரையில் நின்று இயக்குகிற சாமான் என்பதால், 30 மில்லியாம்பியர் கரன்ட் கசிந்தாலே கட் ஆகிற ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் வீட்டில் இல்லாவிட்டால் அதை முதலில் போட்டுவிடுங்கள். தெரியாவிட்டால் ஒரு நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், பக்கத்தில் இருந்து பாருங்கள். இரும்புக் கடைக்காரரைக் கூப்பிடுவது அதற்கு அப்புறம் இருக்கட்டும்.

எங்கள் மெஷினுக்குத் தண்ணீரை வெளியேற்றுகிற டிரெய்ன் ஓஸ் இன்னும் தற்காலிகமாகத்தான் மாட்டியிருக்கிறது, சரியான அளவு தேடிக்கொண்டிருக்கிறேன். அம்மா அதற்காகக் காத்திருக்கவில்லை. வாளி வைத்துப் பிடித்து, வெள்ளை, கலர், கால்மிதி என்று அதே வரிசையில் துவைக்க ஆரம்பித்துவிட்டார்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.